வெல்டு ஓரத்துச் சிவப்புப் பட்டை

நான் முன்பு வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்திலிருந்து போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். இப்போது அங்கே காமிரா அளவீட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் அவள். சோதனை தொடங்குவதற்கு முன் பத்துப் படங்கள் எடுக்கிறோமே, அது எதற்கென்று ஒரு பாரா எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். புது சாஃப்ட்வேர் வந்துவிட்டதாம். அந்தப் பத்துப் படமும் நேர விரயம், நடைமுறையிலிருந்து எடுத்துவிடலாம் என்று மீட்டிங்கில் பேசுகிறார்களாம்.

ஒரு பாரா எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம்தான் வந்தது. அந்தப் பத்துப் படங்களை நடைமுறையில் ஏற்றுவதற்கு நான் பட்டது ஒரு பாராவில் அடங்காது. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். மீட்டிங்கில் படித்துக் காட்டினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

என் பெயர் மல்லிகா. முசிறிப் பக்கம் வாழை போடுகிற குடும்பம் எங்களுடையது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, துவாக்குடியில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அங்கேயே ரிட்டயரானேன். முதல் பல வருடங்கள் ஒரே மாதிரிதான் போயின. தொழிற்சாலைகள் அனுப்பும் இரும்புத் துண்டுகளை அளவுக்கு வெட்டுவேன், தேய்ப்பேன், இழுவை இயந்திரத்தில் மாட்டி அறுபடும் வரை இழுப்பேன், வந்த எண்ணைப் படிவத்தில் எழுதுவேன். அந்தக் கூடத்தில் இயந்திரத்தைத் தொட்ட முதல் பெண் நான். ஆரம்பத்தில் அதை ஒரு குறையாகச் சொன்னார்கள், பிறகு சொல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் அந்த வருடங்களின் கதை.

எங்கள் தலைமை அதிகாரி வரதராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோட்டோடு வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். சந்தேகம் வந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். என்ன சந்தேகம் என்று சொல்ல மாட்டார். நாமே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். சில நாள் புள்ளி வைக்காமல், "அடியேனுக்கு ஒரு சந்தேகம்" என்று வாய் திறந்து சொல்லுவார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

காமிரா எங்கள் கூடத்துக்கு வந்தது ஒரு இளம் இன்ஜினியரால். ஆர்வமாக வாங்க வைத்தார், மூன்று மாதத்தில் சென்னைக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். காமிராவும் கம்ப்யூட்டரும் பெட்டியோடு அலமாரிக்குள் போயின. ஒரு வருடம் பார்த்தேன். பிறகு நேரே வரதராஜன் சாரிடம் போய், அதை நான் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "ஆகட்டும். ஆனா அந்தக் கலர் படமெல்லாம் ரிப்போர்ட்ல வரப்படாது" என்றார்.

இந்த முறை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க, வழக்கமாக அதன்மேல் ஒரு கவ்வியை மாட்டுவோம். கவ்வியின் இரண்டு முனைகளுக்கும் இடையே மொத்தம் எவ்வளவு நீண்டது என்று மட்டும் அது சொல்லும். நடுவில் எந்த இடம் அதிகம் நீண்டது, எந்த இடம் நீளவே இல்லை என்று அதற்குத் தெரியாது. ஒரு புடவையை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் நடுவில் நைந்த ஓரிடம் மட்டும் விரிந்து கொடுக்கும். இரண்டு முனைகளை மட்டும் அளப்பவருக்குப் புடவை நன்றாகத்தான் இருக்கும். காமிரா முறையில் இரும்பின்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்து, அதன்மேல் கறுப்புப் புள்ளிகளைத் தூவ வேண்டும். இழுக்க இழுக்கக் காமிரா படம் எடுத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு புள்ளிக் கூட்டமும் எங்கிருந்து எங்கே போனது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அதிகம் நீண்ட இடத்தைச் சிவப்பாகக் காட்டும்.

கேட்க எளிது. புள்ளி சரியாக விழாவிட்டால் எல்லாமே பொய். ஸ்ப்ரே டப்பாவில் அடித்தால் சில புள்ளி குண்டாகவும் சில புள்ளி தூசியாகவும் விழுந்தன. டூத் பிரஷ்ஷால் தெளித்தேன். ஸ்பாஞ்சால் ஒற்றினேன். கடைசியில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் பாய் ஒருவரிடம் போனேன். என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டார். பெயர் வேண்டாம், புள்ளிகள்தான் வேண்டும், எல்லாம் ஒரே அளவில், ஆனால் வரிசை இல்லாமல் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"வரிசையா அழகா போட்டுத் தரேம்மா. கலைஞ்சு கெடந்தா யாவாரி என் கடையைக் குத்தம் சொல்லுவான்."

"வரிசையா இருந்தா ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளி மாதிரியே இருக்கும் பாய். எது எங்க போச்சுன்னு காமிராவுக்குக் குழம்பிடும். கூட்டத்துல உங்க பேரனை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அவன் மூஞ்சி வேற மாதிரி இருக்கிறதாலதானே?"

அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மூன்று தடவை திருத்தி நான்காவதாகச் செய்து கொடுத்த ஸ்டாம்ப் சரியாக வந்தது. அதன் பிறகுதான் கூடத்தில் என்னை "பெயிண்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயிண்ட் அடித்தவள்தான் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அடித்த பெயிண்ட் தப்பாக இருந்தால் அதற்குப் பிறகு வரும் எந்த மேதாவிக் கணக்கும் தப்பு.

இப்போது அந்த வழக்கு. வழக்கு என்றுதான் சொல்ல வேண்டும், என்மேல் நடந்த விசாரணை மாதிரித்தான் இருந்தது.

பெரிய இரும்புக் கலங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து வெல்டு செய்த தகட்டுத் துண்டுகள் சோதனைக்கு வந்தன. அந்தக் கலங்களைக் கிரேனில் தூக்குவதற்காக மேலே காது மாதிரித் தடித்த தகடுகளை வெல்டு செய்து வைப்பார்கள். லக் என்பார்கள். டன் கணக்கான பாரம் அந்தக் காதுகளில்தான் தொங்கும். லக் வெல்டு செய்த அதே வெல்டர், அதே தகடு, அதே முறையில் செய்த மாதிரித் துண்டுகளைத்தான் எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். என் கணவர் செல்வம் அந்தத் தொழிற்சாலையில்தான் கலாசியாக இருந்தார். கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டி, பாரம் தூக்கும்போது பக்கத்தில் நின்று சைகை காட்டும் வேலை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததாகப் பேச்சு வரக்கூடாது.

கேட்ட எண்ணிக்கைக்குக் கவ்வி மாட்டிச் சோதித்ததில் எல்லாத் துண்டும் பாஸ். உபரியாக வந்திருந்தவற்றில் ஒரு துண்டை நான் காமிரா வைத்து இழுத்துப் பார்த்தேன். வெல்டின் ஓரத்தில், ஒரே பக்கத்தில், மெல்லிய சிவப்புப் பட்டை ஒன்று எழுந்தது. மற்ற இடம் எல்லாம் நீலமாகவே இருக்கும்போது அந்தப் பட்டை மட்டும் தனியாக நீண்டுகொண்டே போனது.

படத்தை வரதராஜன் சாரிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார். "இது படம். இன்னும் அளவு ஆகலை" என்றார். ஒரு காகிதத்தில் பென்சிலால் மூன்று வார்த்தை எழுதிக் கொடுத்தார். காற்று, ஆட்டம், பெயிண்ட்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முதலில் காற்று. வெளிச்சத்துக்கு இரண்டு ஹாலஜன் விளக்கு வைத்திருந்தேன். அவை கொதிக்கும். மத்தியானத் தார் ரோட்டின்மேல் காற்று அலைவது போல விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று அலையும். அலையும் காற்று வழியாகப் பார்த்தால் நகராத புள்ளியும் நகர்ந்த மாதிரி தெரியும். தகட்டை மாட்டி, இழுக்காமலே பத்துப் படம் எடுத்துக் கணக்குப் போட்டேன். இழுக்காத இரும்பு நீண்டதாக என் காமிரா சொன்னது. கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருந்தது. விளக்கை மாற்றிச் சூடு வராத எல்இடி வைத்தேன். மிஞ்சிய வெதுவெதுப்பு ஒரே இடத்தில் தங்காமல் இருக்க ஒரு டேபிள் ஃபேனைக் குறுக்கே ஓட விட்டேன். மறுபடி இழுக்காமல் பத்துப் படம். பொய் நீட்சி ஏறக்குறைய இல்லாமல் போனது. அந்தப் பத்துப் படங்களுக்குத்தான் "சும்மா படம்" என்று பெயர் வைத்தேன். காமிரா எவ்வளவு பொய் சொல்லும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் பிறகு அது சொல்லும் உண்மையை நம்ப முடியும். கீர்த்தனா கேட்ட பாரா இதுதான்.

அடுத்து ஆட்டம். துண்டைக் கவ்விப் பிடிக்கும் இயந்திரத்தின் தாடை இறுக்கும்போது தகடு ஒரு மயிரிழை லென்ஸை நோக்கி வரும். பக்கத்தில் வருவது பெரிதாகத் தெரியும். பெரிதானதை நீண்டதாகக் காமிரா நினைத்துக்கொள்ளும். பழைய லேத் ஒன்றின் நகரும் பலகையில் தகட்டைப் பொருத்தி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி லென்ஸ் பக்கம் நகர்த்தி, எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு பொய் வருகிறது என்று அட்டவணை போட்டேன். காமிராவைத் தூரத்தில் தள்ளி வைத்து, பெரிய லென்ஸால் பார்த்தால் பொய் குறைந்தது. அறை போதவில்லை. கதவைத் திறந்துவைத்து, வராந்தாவில் காமிராவை நிறுத்தி எடுத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக பெயிண்ட். முதல் துண்டுக்கு நான் முந்தின நாள் சாயங்காலமே பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தேன். நன்றாகக் காய்ந்த பெயிண்ட் விறைத்துவிடும். இரும்பு நீளும்போது கூடவே நீளாமல் விரிசல் விடும். விரிசலையும் காமிரா நீட்சியாகத்தான் படிக்கும். புதுத் துண்டுக்கு அன்று காலையிலேயே பெயிண்ட் அடித்து, முழுக்க விறைப்பதற்குள் இழுத்தேன். பட்டை வந்தது. ஆனால் பாதிதான் வந்தது.

படத்தை மேஜையில் வைத்தேன். வரதராஜன் சார் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பாதி உங்க பெயிண்ட் பண்ணின காரியம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது சரி. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் நான் நகரவில்லை.

"மீதிப் பாதி, சார்?"

அவர் பாக்கியிருந்த துண்டுகளையும் அதே மாதிரி செய்யச் சொன்னார். எல்லாவற்றிலும் வெல்டின் அதே பக்கத்தில், அதே இடத்தில் பட்டை வந்தது. பிறகு காமிராவை மறந்துவிட்டு, கடினம் பார்க்கும் கருவியின் ஊசியை அந்த இடத்தில் அழுத்திப் பார்த்தேன். சுற்றி இருந்ததைவிட அங்கே ஊசி ஆழமாக இறங்கியது. வெல்டு செய்தவர் அளவுக்கு மேல் சூடு கொடுத்துவிட்டார். உறுதியான அந்தத் தகடு, வெல்டு ஓரத்தில் ஒரு பட்டையளவுக்கு மென்மையாகிப்போயிருந்தது. ஒரே தடவை இழுத்தால் பக்கத்து இரும்பு அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், பாஸ் ஆகிவிடும். திரும்பத் திரும்பத் தூக்கும்போது நீள்வதெல்லாம் அந்த ஒரு பட்டைதான்.

ரிப்போர்ட் தயாரித்தேன். கடைசிப் பக்கத்தில் படத்தையும் ஊசியின் எண்களையும் சேர்த்தேன். தொழிற்சாலையின் உற்பத்தி மேனேஜர் குணசேகரன் நேரிலேயே வந்துவிட்டார். கேட்ட சோதனைக்குப் பாஸா ஃபெயிலா என்று மட்டும் எழுதித் தரச் சொன்னார். கேட்காத பக்கம் எதற்கு என்றார். வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். விதிமுறைப்படி பார்த்தால் அந்தப் பக்கம் ரிப்போர்ட்டில் வர வேண்டியதில்லை, எடுத்துவிடலாம், தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்றார். தனிக் கடிதம் எந்தக் குப்பைக்கூடைக்குப் போகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். அந்தப் பக்கம் இல்லாமல் போட மாட்டேன் என்றேன்.

அப்போதுதான் குணசேகரன் அந்த வார்த்தையைச் சொன்னார். "இவங்க வீட்டுக்காரர் எங்ககிட்டதான் கலாசியா இருக்காரு சார். ஷிஃப்ட் விஷயத்துல எங்களுக்கும் கலாசிகளுக்கும் தகராறு ஓடிக்கிட்டு இருக்கு. அவர் சொல்லித்தான் இதெல்லாம் நடக்குது."

என் கணவர் அந்தத் துண்டுகளைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். யாரும் என் பக்கம் பேசவில்லை. வரதராஜன் சார் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே என்னைக் காமிராவிலிருந்து எடுத்துத் துண்டுகளைத் தேய்க்கும் மேஜைக்குப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த வேலை. தேய்த்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. மூன்று நாள் அந்த ரிப்போர்ட் அப்படியே கிடந்தது.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டிலும் அந்த மூன்று நாள் நன்றாக இல்லை. செல்வத்தின் காதுக்கு எல்லாம் போயிருந்தது. கோபமாக இல்லை, பயமாக இருந்தார். பிள்ளை காலேஜில் சேர்ந்த வருடம் அது.

"போட்டுடு மல்லிகா. அந்த லக்கைத் தூக்குறப்ப நான் கீழ நிக்காம பாத்துக்கிறேன்" என்றார்.

"நீங்க நிக்கலைன்னா அங்க யாருங்க நிப்பா?"

அவர் சாப்பாட்டுத் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் வழக்கமாக என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுபவர், வண்டியை நிறுத்தாமல் துவாக்குடி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது, "நீ பண்ணினது எதுவும் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் சொல்லி நீ பண்ணலைன்னு எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு நான் வரதராஜன் சார் அறைக்குப் போனேன். துண்டை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம், அந்தத் தொழிற்சாலையிலேயே ஒரு நிஜமான லக்கில் பெயிண்ட் அடித்துப் பாரம் ஏற்றிப் பார்ப்போம், கீழே ஒரு ஆளும் நிற்கக் கூடாது என்றேன். பட்டை வரவில்லை என்றால் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் போனை எடுத்துத் தானே குணசேகரனிடம் பேசினார். நானும் வருகிறேன் என்று அவர் சொன்னது கேட்டது.

தொழிற்சாலைக் கொட்டகையில் காலையில் பெயிண்ட் அடித்தேன். கைவிரலெல்லாம் வெள்ளை. சுற்றி நின்ற ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். காமிராவை வைத்ததும் வரதராஜன் சார் ஒன்று மட்டும் சொன்னார்: "முதல்ல அந்தச் சும்மா படத்தை எடுங்கோ." எடுத்தேன். பொய் நீட்சி எதையும் அது காட்டவில்லை. கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தினார்கள். பாரத்தை ஏற்றி இறக்கினார்கள். வழக்கமாகத் தூக்கும் அளவுதான், ஒரு துளி கூட அதிகமில்லை. முதல் தடவையே ஓரத்தில் பட்டை எழுந்தது. திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பாரம் இறங்கிய பிறகும் பட்டை முழுதாக மறையவில்லை. மிச்சம் கொஞ்சம் தங்கியது. தங்கியது கூடிக்கொண்டே போனது.

மத்தியானத்துக்கு மேல் நிறுத்தினோம். பெயிண்டைத் துடைத்துவிட்டு, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தைத் தடவி, அதைத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வரும். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். வெல்டு ஓரத்தில், பட்டை இருந்த அதே இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு இழை மெல்லத் தெரிந்தது.

சினிமாவில் போல ஒன்றும் அறுந்து விழவில்லை. யாரும் கத்தவில்லை. குணசேகரன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், வெல்டிங் ஃபோர்மேனைக் கூப்பிட்டு எல்லா லக்கையும் வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கலாசிகளில் என் கணவரும் இருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த இழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தோடு ரிப்போர்ட் போனது. நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தொழிற்சாலை தன் சோதனைகளை வேறு கூடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தது. எங்கள் கூடத்தில் சிலர் அதற்கு என்னைத்தான் காரணம் சொன்னார்கள். செல்வத்தைக் கிரேனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு தடவை தள்ளிப்போனது. தெரிந்தவர்கள், அன்றைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே என்று இன்றும் கேட்பார்கள். வளைந்திருக்கலாம். வளையவில்லை. இதில் வருத்தப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சும்மா படம் எங்கள் நடைமுறையில் ஏறியது. வரதராஜன் சாரே தன் கையால் எழுதிச் சேர்த்தார். ஏன் என்று என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. இரண்டு வருடம் அவர் அறையில் எனக்கு வேலை பற்றிய பேச்சு மட்டும்தான்.

அவர் ரிட்டயரான அன்று கூடத்தின் ஹாலில் விழா வைத்தார்கள். மாலை போட்டார்கள், பேசினார்கள். கடைசியில் அவர் எழுந்தார். நன்றி சொல்லி முடித்துவிடுவார் என்று நினைத்தோம். அவர் என் பெயரைச் சொன்னார். அந்த லக் விவகாரத்தில் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னது தான்தான் என்றும், அந்த மூன்று நாள் தான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அது என் தப்பு" என்றார்.

ஹாலில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்படியெல்லாம் இல்லை சார் என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு அதைத்தான் நினைவூட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"ஆமா சார். தப்புதான்" என்றேன்.

வரதராஜன் சார் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இப்படியே எழுதி வைங்கோ" என்றார்.

இன்றைக்கு எழுதிவிட்டேன்.